காரணம் தெரியாக் காய்ச்சல் உயர்சிறப்பு மையம்

டமார் என்று சேகண்டி அதிர்ந்தது. அடுத்த நொடி முரசு. ஆறாவது மாடியின் ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று நடுங்கின.

வான்செங் அப்போது வார்டு வராந்தாவில், சுவரோரக் கணப்புக் குழாய்களின் மேல் மனைவியின் உள்சட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். சாய்யுன்னுக்கு வியர்த்துக் கொட்டும். ஒரு சட்டை காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடும். ஆஸ்பத்திரியில் பெரிய சத்தம் கேட்டால் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம் என்பது, சேர்ந்த அன்று நர்ஸ் சொல்லிக் கொடுத்த பாடம். கையில் இருந்த சட்டையை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தான். மனைவியைப் போர்வையோடு முதுகில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினான். மலைச்சரிவில் லில்லிக் கிழங்கு மூட்டை சுமந்து பழகிய முதுகு. அவள் இப்போது ஒரு மூட்டைகூட இல்லை; அரை மூட்டைதான்.

நாலாவது மாடி வளைவில் அவள் அவன் காதுக்குள் சொன்னாள்: "யோவ், வேற யாரும் ஓடி வரக் காணோமே. நாம மட்டும்தான் எரியிறோமா?"

கீழே இருந்து ஏறி வந்த காவலாளி வழியை மறித்தான். "எங்கய்யா தூக்கிட்டு ஓடுற? நோயாளியைக் கடத்துறியா?"

"தீ, அண்ணே..."

"தீயும் இல்ல, மண்ணும் இல்ல. பலகை திறக்குறாங்க. மேல போ, மேல போ. உன் பொண்டாட்டியத்தான் தலைவர் பாக்கணும்னு கேட்டாராம். கட்டில் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

திரும்பி ஏறினான். இறங்கும்போது கனக்காத மனைவி ஏறும்போது கனத்தாள். வார்டு வாசலில் சிவப்புத் துணி விலகி, தங்க எழுத்துகள் மின்னின: காரணம் தெரியாக் காய்ச்சல் உயர்சிறப்பு மையம். கணப்பின் மேல் காய்ந்த சட்டைகளை யாரோ ஒரு குப்பைப் பையில் திணித்து மூலையில் வைத்திருந்தார்கள். மாகாணத்திலிருந்து வந்திருந்த தலைவர் கையில் கத்தரிக்கோலோடு நின்றார். துறைத்தலைவர் யான் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கி, வெள்ளை முடி, கனிவான முகம். அவரைப் பார்த்தாலே பாதி நோய் போய்விடும் என்று எங்கள் லான்சோ நகரத்தில் சொல்வார்கள். மீதிப் பாதியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

"காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் ஆஸ்பத்திரிகள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன," என்றார் யான். "அதில் என்ன பெருமை? காரணம் தெரியாமலே இத்தனை நோயாளிகளை, இத்தனை காலம், இத்தனை ஒழுங்காக வைத்திருக்கும் இடம் இது ஒன்றுதான். கட்டில்களைப் பாருங்கள். ஒன்றுகூடக் காலி இல்லை."

கைதட்டினார்கள். வான்செங்கும் தட்ட நினைத்தான். முதுகில் ஆள் இருந்ததால் முடியவில்லை.

மையத்தின் விதி எளிமையானது. காரணம் தெரியாதவரைக்கும் நோயாளி மையத்துக்குச் சொந்தம். காரணம் தெரிந்துவிட்டால் அந்தக் காரணத்துக்குரிய துறைக்குப் போய்விட வேண்டும். ஆகவே, காரணம் கண்டுபிடிப்பது மையத்தின் லட்சியம். கண்டுபிடித்துவிட்டால் மையத்துக்கு நஷ்டம். இரண்டுக்கும் நடுவில் துறைத்தலைவர் யான் மிகுந்த பொறுமையோடு நடந்துகொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் சுன் தாத்தா. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்டில் மூத்த காய்ச்சல்காரர் என்ற கர்வம் அவருக்கு உண்டு.

"உங்களுக்கு எந்த அளவு ஏறுது?" என்று சாய்யுன்னைக் கேட்பார்.

"முப்பத்தொன்பது டிகிரி, தாத்தா."

"பரவால்ல. புதுசுதானே, போகப் போக ஏறும்."

ஆனால் சுன் தாத்தாவின் வாழ்வில் ஒரு துயரம் நேர்ந்தது. மூட்டு வலிக்காக மூலிகை ஊறப்போட்ட சாராயத்தைத் தினமும் மாலையில் போர்வைக்குள் வைத்துக் குடித்திருக்கிறார். படுக்கை விரிப்பு மாற்ற வந்த பெண் பாட்டிலைப் பிடுங்கிப் போனதும் காய்ச்சல் நின்றுவிட்டது. மறுநாள் யான் அவர் கட்டிலருகே வந்து துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்: "சுன் ஐயா, காரணம் தெரிஞ்சுபோச்சு. நீங்க கிளம்பலாம்."

"ஒரு வாரம் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார் தாத்தா, மூட்டையைக் கட்டிக்கொண்டே. "வீட்ல மருமக சமையல். இங்க சாப்பாடாவது நல்லா இருந்துச்சு."

சாய்யுன் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க அவளுக்குத் தெம்பு இருந்தது.

அவளுடைய காய்ச்சல் சாராயத்தில் வந்ததல்ல. மத்தியானத்துக்கு மேல் ஏறும். விடியலில் வியர்த்து இறங்கும். இருமல் இல்லை. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. உடம்பு மட்டும் தேய்ந்துகொண்டே போனது. வார்டின் இளம் டாக்டர் லூ, வான்செங்கைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, எனக்கென்னவோ காசநோய்னு தோணுது. நுரையீரல்ல இல்ல, வேற எங்கயோ ஒளிஞ்சிருக்கு. அதுதான்னா மருந்து இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா பிழைச்சுக்குவாங்க. லேட்டானாத்தான் கஷ்டம்."

"அப்ப ஆரம்பிங்கம்மா."

"மருந்து இங்க கிடையாது. காசநோய் மருந்தெல்லாம் அக்கரையில இருக்கிற நுரையீரல் ஆஸ்பத்திரியிலதான். அவங்க எடுத்துக்கணும்னா இங்க யான் தலைவர் எழுதித் தரணும். தலைவர் எழுதணும்னா..." அவள் நிறுத்தினாள். "முதல்ல ரத்தச் சோதனை செய்யலாம்."

அன்றிலிருந்து வான்செங்குக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றுதான்: அந்த மாத்திரை.

சோதனைக் கருவி எங்கள் ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிக்கானது, நோயாளிகளுக்கு அல்ல. நோயாளிகளின் ரத்தம் மஞ்சள் நதியைக் கடந்து நுரையீரல் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ரத்தம் உயிரோடு போக வேண்டும் என்றாள் டாக்டர் லூ. அதிலுள்ள அணுக்களிடம் காசநோய்க் கிருமியின் துணுக்கைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்பார்களாம். தெரியும் என்றால் அணுக்கள் கொதிக்குமாம். குளிர்ந்துவிட்டாலோ, நேரம் கடந்துவிட்டாலோ அவை பேசாது.

பனி பெய்துகொண்டிருந்தது. வான்செங் ரத்தக் குழாயைத் துணியில் சுற்றி, பஞ்சுக் கோட்டுக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் நின்றான். பாலத்தின் மேல் பேருந்து குலுங்கும்போதெல்லாம் கையை இன்னும் இறுக்கினான். அவள் சூடு அவன் சூட்டோடு சேர்ந்து போவது மாதிரி இருந்தது.

சில நாளில் பதில் வந்தது: உண்டு.

வான்செங் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே அக்கரைக்கு ஓடினான். அங்கே ஒரு டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது ரத்தம் சொல்றது. எங்களுக்குச் சளி சொல்லணும்."

"அவளுக்குச் சளியே இல்லைங்களே, ஐயா."

"சளி இல்லாதவங்களுக்கு இங்க கட்டில் இல்ல. உங்க பெரிய ஆஸ்பத்திரி 'காசநோய்'னு எழுதித் தரட்டும். நாளைக்கே படுக்க வைக்கிறோம். இப்ப என்ன எழுதியிருக்காங்க? காரணம் தெரியாக் காய்ச்சல். காரணம் தெரியாததுக்கு நாங்க எப்படி மருந்து குடுக்கிறது?"

திரும்பி வந்து யானிடம் நின்றான். யான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை. காலைச் சுற்றுக்கு வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, "உங்கள்ள யார் யாருக்கு இந்தச் சோதனையில 'உண்டு'ன்னு வந்திருக்கு? கையைத் தூக்குங்க," என்றார்.

டாக்டர்கள் கை தூக்கினார்கள். நர்ஸ்கள் தூக்கினார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தைத் தூக்கினாள். கடைசியாக யானே தன் கையைத் தூக்கினார்.

"பாத்தீங்களா, வான்செங்? நம்ம ஜனங்கள்ள ஏகப்பட்ட பேர் உடம்புக்குள்ள இது தூங்கிட்டிருக்கு. எனக்குக் காய்ச்சலா? இல்ல. ஆக, 'உண்டு'ங்கிற பதில்ல ஒண்ணும் இல்ல."

வான்செங் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "அப்ப எதுக்குங்க அந்தச் சோதனை?"

"செஞ்சு பாக்காம எப்படித் தெரியும், இதனால ஒண்ணும் தெரியாதுன்னு?"

கூடி நின்றவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை ரத்தம் எடுக்க உத்தரவானது.

அந்த முறை காலை இருட்டிலேயே ரத்தம் எடுத்துவிட்டார்கள். ஆனால் அனுமதி முத்திரை குத்துகிற அலுவலர் பலகை திறப்பு விழாவின் புகைப்படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். முத்திரை கிடைத்து, பேருந்து பிடித்து, பாலம் கடந்து வான்செங் போய்ச் சேர்ந்தபோது ஆய்வகத்தின் ஜன்னல் மூடியிருந்தது. மதியத் தூக்கம்.

மதியத் தூக்கத்தை எங்கள் ஊரில் யாரும் கலைப்பதில்லை. வங்கி தூங்கும், தபால் நிலையம் தூங்கும். பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒரே மேஜையில் தலை சாய்த்துத் தூங்கும். வான்செங் மெல்லத் தட்டினான். உள்ளே மடக்குக் கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு?"

"ரத்தம் கொண்டு வந்திருக்கேன், அக்கா. உயிரோட இருக்கு."

"இருக்கட்டும். ரெண்டரைக்கு வா."

"அதுக்குள்ள செத்துடும்னாங்க."

"இப்பத்தான் கண்ணசந்தேன். உனக்கு மனசாட்சி இல்லையா?"

அவனுக்கு மனசாட்சி இருந்தது. அதனால் தட்டுவதை நிறுத்திவிட்டான். அவர்கள் வீட்டிலும் வயல் வேலை நாட்களில் மத்தியானம் ஒரு தூக்கம் உண்டு. தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று வளர்ந்தவன். ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயை ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குளுக்கு மாற்றிக்கொண்டான். இரண்டரைக்கு ஜன்னல் திறந்தது. வாரந்தோறும் நடக்கும் கட்சிக் கொள்கை வாசிப்புக் கூட்டத்துக்கு எல்லாரும் வரிசையாக வெளியே போனார்கள். ரத்தத்தை வாங்கிக்கொண்டபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

பதில்: சொல்ல முடியாது.

துறைத்தலைவர் யான் அந்தத் தாளை இரு கையாலும் ஏந்திக்கொண்டார். "அபூர்வம்," என்றார். "ரத்தம் பேச மறுக்குது. நோய் எதிர்ப்பு அமைப்பே மௌனம் சாதிக்குது. இதைக் கருத்தரங்குல வைக்கணும்."

"ஐயா, அன்னைக்கு அங்க தூங்கிட்டு இருந்தாங்க..." என்று வான்செங் ஆரம்பித்தான்.

"ஆமா, ஆமா. அணுக்கள் தூங்குது. நீங்களே அழகாச் சொல்லிட்டீங்க."

கருத்தரங்கு பெரிய அரங்கத்தில் நடந்தது. சாய்யுன்னைச் சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளிப்போனார்கள். அவளுக்குத் தலை வாரிவிட்டு, கன்னத்து எலும்பு தெரியாமல் இருக்க வான்செங் கழுத்துத் துண்டைச் சுற்றிவிட்டிருந்தான். எதிரே வரிசை வரிசையாகப் பேராசிரியர்கள்.

"எங்க கல்யாணத்துக்கே இவ்வளவு கூட்டம் இல்லையேய்யா," என்று முணுமுணுத்தாள்.

ரத்தத் துறைப் பேராசிரியர் இது ரத்தத் துறை அல்ல என்றார். ஈரல் துறைக்காரர் ஈரல் வீங்கியிருக்கிறது, ஆனால் ஈரலின் தவறு அல்ல என்றார். மூட்டுத் துறைக்காரர் தாமதமாக வந்து, யாருடைய நோயாளி என்று கேட்டு, தம்முடையது இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் கைதட்டல்.

கடைசி வரிசையிலிருந்து டாக்டர் லூ எழுந்தாள். "ஈரல்ல ஊசி போட்டுச் சதை எடுக்கலாம்னா ரத்தம் உறையல, ஆபத்து. அதனால... காசநோய் மருந்தைக் குடுத்துப் பாத்தா என்ன, தலைவரே? நோயாளி நாளுக்கு நாள் இளைச்சிட்டு வர்றாங்க."

யான் அவளை அன்போடு பார்த்தார்.

"நல்ல கேள்வி. குடுக்கலாம். குடுத்தா காய்ச்சல் இறங்கிடும்னே வச்சுக்குவோம். நோயாளி எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அது ஏன் இறங்குச்சுன்னு யாரால நிரூபிக்க முடியும்? நம்ம ஆராய்ச்சி முழுக்க, மருந்து படாத நோயாளிகிட்ட இந்த ரத்தச் சோதனை என்ன சொல்லுதுன்னு பாக்கிறது. நடுவுல குணமாயிட்டா எல்லாக் கணக்கும் கெட்டுடும். நாம டாக்டர்களா, மந்திரவாதிகளா?"

நீண்ட கைதட்டல். அது அடங்கியதும், நோயாளி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று ஒலிபெருக்கியைச் சாய்யுன்னின் வாயருகே நீட்டினார்கள். அவள் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இங்க வந்திருக்கிற எல்லாரும் பெரிய படிப்புப் படிச்சவங்க," என்றாள். "ஒண்ணு கேக்கலாமா? நான் யாரோட நோயாளி?"

அதற்கும் கைதட்டினார்கள்.

மூன்றாவது ரத்தத்தை வான்செங் ஓடிப்போய்க் கொடுத்தான். ஜன்னல் மூடுவதற்கு முன்பே கொடுத்துவிட்டான். பதில்: இல்லை.

"பிரமாதம்," என்றார் யான். "காசநோய் முத்திப்போனவங்களுக்கு ரத்தம் சோர்ந்துபோய் 'இல்லை'ன்னுதான் சொல்லும். காசநோயே இல்லாதவங்களுக்கும் 'இல்லை'ன்னுதான் சொல்லும். ஆக, காசநோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனிமே நாலாவது சோதனைதான் முடிவு சொல்லணும்."

"உண்டுன்னு வந்தா, ஐயா?"

"எல்லாருக்கும்தான் உண்டே."

வான்செங் அன்று முதல்முறையாகக் கத்தினான். கத்தினான் என்று அவன்தான் நினைத்துக்கொண்டான். வெளியே வந்தது ஒரு கரகரப்பு மட்டும். "ஒரே ஒரு மாத்திரை, ஐயா. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தப்பா இருந்தா என்னை ஜெயில்ல போடுங்க."

யான் அவன் தோளில் கை வைத்தார். "உங்க வேதனை எனக்குப் புரியுது. நான் அவசரப்பட்டா அது உங்க மனைவிக்குச் செய்யற துரோகம்."

நான்காவது ரத்தம் எடுத்தபோது நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் இரண்டு கையிலும் தேடிவிட்டு, பாதத்தில் குத்தினாள். வான்செங் குழாயை அக்குளில் வைத்துக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது சாய்யுன் கண் திறந்தாள்.

"யோவ்."

"சொல்லு."

"வர்றப்ப அந்த இனிப்பு ஓட்ஸ் கஞ்சி வாங்கிட்டு வா. பாலத்துக்குப் பக்கத்துல விப்பாங்களே, புளிக்க வச்சது. புளிப்புக் கம்மியா பாத்து வாங்கு. உன்னைப் பாத்தா பழசைத் தள்ளிவிட்டுருவாங்க."

"இன்னும் ஏமாளின்னே நெனைக்கிறியா என்னை?"

"நாலு தடவ ரத்தம் சுமந்திருக்க. வேற என்ன நெனைக்கிறது?"

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. அலுவலர் உடனே முத்திரை குத்தினார். பேருந்து உடனே வந்தது. ஆய்வகத்துப் பெண்மணி விழித்திருந்தாள். "இன்னைக்கு நேரத்துல வந்துட்டியே," என்று பாராட்டினாள். பாலத்துப் பக்கத்துக் கடையில் வான்செங் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்து, புளிப்பு அதிகம் என்று சண்டை போட்டு, வேறு பானையிலிருந்து மூடி போட்ட கிண்ணத்தில் கஞ்சி வாங்கினான். அதையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

ஆறாவது மாடிக்கு வந்தபோது அவள் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். டாக்டர் லூ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கீழ்வாசலில் அடுத்த காரணம் தெரியாக் காய்ச்சல்காரர் லிஃப்டுக்காகக் காத்திருந்தார். மையத்தின் கட்டில்கள் காலியாக இருப்பதில்லை.

வான்செங் கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

அவள் உயிரோடு இருந்தபோது ஆபத்து என்று விட்டுவிட்ட அந்த ஈரல் ஊசியை இப்போது போட்டுப் பார்க்க அனுமதி கேட்டார்கள். இப்போது ஆபத்து ஒன்றும் இல்லை. "இதனால அவளுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டுங்களா?" என்று கேட்டான். அறிவியலுக்கு உண்டு என்றார்கள். கேட்ட இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்துப் பழகியிருந்தான், வைத்தான்.

சில நாள் கழித்து அஸ்தியை வாங்க வந்தவனைத் துறைத்தலைவர் யான் தம் அறைக்கு அழைத்தார். தாமே எழுந்து வெந்நீர் ஊற்றித் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. அது நடிப்பு அல்ல; அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள், அவர் எல்லா நோயாளிகளுக்காகவும் வருந்துகிறவர்.

"காரணம் தெரிஞ்சிடுச்சு, வான்செங். காசநோய்தான். ஈரல் பூரா இருக்கு. சந்தேகமே இல்ல. இனிமே நுரையீரல் ஆஸ்பத்திரி மறுக்க முடியாது. நானே கையெழுத்துப் போட்டுட்டேன்."

வான்செங் கோப்பையை இரு கையாலும் பிடித்திருந்தான். "அப்ப... முன்னாடியே மாத்திரை குடுத்திருந்தா?"

"இந்த வயசுல, இந்த நோய்ல... பெரும்பாலும் பிழைச்சிருப்பாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல நான் விரும்பல."

வான்செங் தலையை ஆட்டினான். பெரிய மனிதர், தேநீர் கொடுத்திருக்கிறார், உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் பேசாமல் எழுந்து போவது மரியாதை இல்லை. மேஜையின் மேல் ஒரு படம் இருந்தது. பல்லில்லாத வாயோடு சிரிக்கும் ஒரு முதிய அம்மாள், பிறந்தநாள் நூடுல்ஸ் கிண்ணத்தின் முன்னால். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டான்:

"அம்மாங்களா? நல்லா இருக்காங்களா, ஐயா?"

யானின் முகம் மலர்ந்தது. படத்தை எடுத்து அங்கியின் நுனியால் துடைத்தார்.

"நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க. போன வருஷம் இதே மாதிரி காய்ச்சல் வந்து பயமுறுத்திட்டாங்க. நுரையீரல் ஆஸ்பத்திரியில நம்ம சிநேகிதன் ஒருத்தன்கிட்ட போன்ல சொன்னேன், அன்னைக்குச் சாயங்காலமே மாத்திரை வீட்டுக்கு வந்துடுச்சு. பெத்த தாய் இல்லையா, வான்செங், ரத்தம் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்க யாருக்கு மனசு வரும்?"